விளங்கவில்லை என்று சொல்லாத ஊர்

றக்வானைக்கு மேலே உள்ள தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. படித்தவர் யாராவது வந்து எதையாவது சொல்லி, "விளங்குதா?" என்று கேட்டால், "விளங்குதுங்க" என்றுதான் பதில் வரும். டாக்டர் கேட்டாலும் அதுதான், தொரை கேட்டாலும் அதுதான், தேர்தல் நேரத்தில் வெள்ளை வேட்டியோடு வந்து இறங்குபவர் கேட்டாலும் அதுதான். உண்மையில் விளங்கியதா என்பது வேறு விஷயம். மலையேறி வந்து தொண்டை கிழியப் பேசிய மனிதரிடம் "ஒண்ணும் விளங்கலீங்க" என்று சொல்வது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அந்த மரியாதைக் கேட்டைத் தோட்டத்துச் சனம் செய்யாது.

விஜயகலா அப்படியொரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். தகப்பன் தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டவர். தாய் மூக்காயி கொழுந்து பறித்தவர். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த ஒரே குற்றத்துக்காக ஊரே அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கூத்தாடி, உயர்தரம் படிக்கக் கொழும்புக்கு அனுப்பி, கடைசியில் பல்கலைக்கழகத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. 1992இல் அங்கேதான் அவள் முதன்முதலாகக் கணினியைப் பார்த்தாள். குளிரூட்டிய அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே உரத்துப் பேசக்கூடாது. இது என்ன கோயிலா என்று நினைத்தாள். ஆனால் இந்தச் சாமி கேட்டதற்குப் பதில் சொல்லும் சாமி என்று தெரிந்ததும் அந்த அறையைவிட்டு அவளை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

படித்து முடித்து அங்கேயே உதவி விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். ஸ்டோர்ச் சுவரில் சிங்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்காக உத்தியோகத்தர்கள் தோட்டத்துக்கே வருகிறார்கள், இன்ன நாளில் இன்னின்ன பத்திரங்களோடு வாருங்கள் என்று அதில் இருந்தது. அந்த நாள் போன கிழமையே கடந்துபோயிருந்தது. சனம் காலையும் மாலையும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடந்திருக்கிறது. ஒருவருக்கும் சிங்கள எழுத்துத் தெரியாது. வந்தவர்கள் வெறும் கொட்டகைக்குள் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, இந்தத் தோட்டத்தில் யாருக்கும் அக்கறையில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம். அவளுடைய அண்ணன் கிருஷ்ணகுமாருக்கு அட்டை கிடைக்க அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆனது. விஜயகலாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றே முடிவெடுத்தாள்.

அவள் பிடித்துக்கொண்ட வழிக்கு இயற்கை மொழி ஆய்வு என்று பெயர். மனிதர் பேசுவதையும் எழுதுவதையும் கணினிக்கு விளங்க வைக்கும் வேலை. சிங்களக் கடிதத்தை உள்ளே விட்டால் தமிழ்க் கடிதம் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வெளிநாட்டுக்குப் போய்க் கலாநிதிப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 2003இல் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன அறையைப் பிடித்து உட்கார்ந்தாள். அரசாங்கம் இரண்டு மொழியிலும் வெளியிட்ட அறிக்கை, வர்த்தமானி, சுற்றறிக்கை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து இயந்திரத்துக்கு ஊட்டினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு பொறுமையாகச் சோறூட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளையும் வளர்ந்தது. "மேற்படி விடயம் தொடர்பில் தங்களது மேலான கவனம் இத்தால் ஈர்க்கப்படுகின்றது" என்று மூச்சுவிடாமல் எழுதத் தொடங்கியது. வர்த்தமானி தின்று வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தத் தமிழ்த் தாள்களைச் சுமந்துகொண்டு அவள் தோட்டத்துக்கு வருவாள். லயம் லயமாகக் கொடுத்து, படிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றுகொண்டு முகத்தைப் பார்த்து, "விளங்குதா?" என்று கேட்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் விளங்கியது என்றார்கள். மிச்சம் இரண்டு பேர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவர்கள். அந்தத் தொண்ணூற்றெட்டை வைத்துக்கொண்டு அவள் கட்டுரை எழுதினாள், மாநாடுகளில் பேசினாள், கைதட்டல் வாங்கினாள். தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குத் தோட்டத்துப் பழக்கம் மறந்துபோனது எப்படி என்று கேட்காதீர்கள். நமக்கு வேண்டிய பதில் வரும்போது எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும்.

அந்த எண்ணை நம்பாத ஒருவர் இருந்தார், பீடாதிபதி. சிங்களவர், நேர்மையானவர், எலுமிச்சங்காயைக் கடித்துவிட்டு வந்தவர் மாதிரி எப்போதும் ஒரு முகம். ஐந்து வருடத் தவணை 2008இல் முடியப்போகும்போது அவளைக் கூப்பிட்டுச் சொன்னார், "தொண்ணூற்றெட்டு என்பது நல்ல எண்தான், மிஸ். ஆனால் எனக்கு எண் வேண்டாம், மனிதர் வேண்டும். குழுவோடு நானே நேரில் வந்து பார்க்கிறேன். ஒரு சாதாரண ஆளுக்கு இந்த இயந்திரத்தால் பிரயோசனம் இருந்தால் இன்னும் ஐந்து வருடம் தருகிறேன், உங்கள் பேராசிரியர் பதவிக்கும் சிபாரிசு செய்கிறேன். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்து கொடுங்கள், ஆய்வு அத்தோடு முடிந்தது."

அறை போனால் ஆய்வு போச்சு. ஆய்வு போனால் அந்தச் சுவருக்கு முன்னால் எடுத்த முடிவும் போச்சு. ஆனால் அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை.

"எங்கட தோட்டத்துக்கே வாங்க சேர்," என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் அழைத்துவிட்டு வந்தாள்.

குழு வருவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டுமே என்று, அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டாள். பஸ் வளைந்து வளைந்து ஏறி, வயிற்றைக் கலக்கி, றக்வானை டவுனில் இறக்கிவிட்டது. வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்று ஜுனைதீன் நானாவின் கடைக்குள் நுழைந்தவள், கருவாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். கடை நிறையத் தோட்டத்துச் சனம். யாரும் சாமான் வாங்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். தராசுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு நானா உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பிரித்து, தொண்டையைச் செருமி, கடை அதிரப் படித்தார்.

சிங்களக் கடிதத்தைச் சிங்களத்திலேயே படித்தார்.

ஒரு வார்த்தை தமிழில் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கிழவர் நடுவில் கையை உயர்த்தி, "ஆயெத் கியன்ன நானா" என்று மறுபடி படிக்கச் சொன்னார். நானா மறுபடி படித்தார். "அதெப்படி, போன மாதம் வேறு நாள் அல்லவா சொன்னார்கள்?" என்று கிழவர் சிங்களத்திலேயே சண்டைக்குப் போனார். தண்ணீர் மாதிரிச் சிங்களம். கொடகவெலச் சந்தையில் பேரம் பேசிப் பேசி, பஸ் கொண்டக்டரோடு சண்டை போட்டுப் போட்டு, சின்ன வயதிலிருந்து பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்துப் பழகிய சிங்களம். விஜயகலா கவனித்த இன்னொன்று, நானா எழுதியிருந்தபடியே படிக்கவில்லை. அரசாங்கக் கந்தோர் எழுத்தின் விறைப்பையெல்லாம் வாயிலேயே உடைத்து, மனிதர் பேசுகிற சிங்களமாக்கிப் படித்தார்.

அடுத்தது ஒரு பெண்ணின் முறை. கட்டிய புருஷன் மேல் அவள் போட்ட வழக்குப் பற்றிய கடிதம். நானா அதையும் அதே குரலில் முழங்கினார். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். கடை முழுவதும் கேட்டது, கடைக்கு எதிரே நின்ற ஆட்டோக்காரர்களும் கேட்டார்கள்.

அதற்கும் அடுத்த ஆள் கிருஷ்ணகுமார்.

அண்ணனைப் பார்த்ததும் அவள் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணே, நீங்க அனுப்புன இந்தக் கடுதாசிய நான் தமிழ்ல அடிச்சுத் திருப்பித் தபால்ல அனுப்புனேனே, அது எங்க?"

"இந்தா, பத்திரமா வச்சிருக்கேன் கலா." சட்டைப் பையிலிருந்து எடுத்தார். தாள் நாலாக மடிந்து, உள்ளே வெற்றிலை இருந்தது.

"படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"விளங்குச்சா?"

"விளங்குச்சு, விளங்குச்சு."

"அப்பறம் எதுக்கு நானா கிட்ட வந்தீங்க?"

கிருஷ்ணகுமார் நானாவைப் பார்த்தார். நானா தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து லயத்துக் காம்பராவுக்குள் உட்கார்ந்ததும் விஜயகலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மனைவி மல்லிகா தேத்தண்ணீரை முன்னால் வைத்தாள். விஷயத்தைக் கேட்டறிந்து, அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கண்ணன் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன், கோவிச்சுக்காத. நீ எவ்வளோ தூரத்துலருந்து வாற. மழைல நனஞ்சுகிட்டு வூடு வூடா ஏறி எறங்கி, தாள குடுத்துட்டு எங்க மொகத்தயே பாத்துகிட்டு நிக்கிற. எப்புடி கலா விளங்கலன்னு சொல்றது? ஒன் மொகம் செத்துப் போயிருமே."

"ஒருத்தருக்கும் விளங்கலையா, அண்ணி?"

"பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு விளங்கிருக்கும்." மல்லிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பிறப்பத்தாட்சிப் பத்திரம்னு போட்டிருந்திச்சு. அது என்னான்னு லயமே கூடிப் பேசுனோம். உப்பென்னயன்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். கந்தோர் சமாச்சாரம் எல்லாம் எங்களுக்குச் சிங்களத்துலதான தெரியும். அங்க போயி சிங்களத்துல பேசித்தான எல்லாத்தயும் வாங்குறோம்."

"அப்ப நானா படிக்கிறதே போதும்னு சொல்றீங்க."

மல்லிகாவின் முகம் மாறியது. "நானா நல்ல மனுசன். ஒரு சதம் வாங்க மாட்டாரு. ஆனா மைக்கு கட்டுன மாதிரியில்ல படிக்கிறாரு! போன வருசம் எனக்கு கிளினிக்லருந்து கடுதாசி வந்திச்சு. பொம்பளைங்க சமாச்சாரம். மெதுவா படிங்க நானான்னேன். அவருக்கு மெதுவான்னா என்னான்னே தெரியாது. அதுக்கப்பறம் ஒரு மாசம், மலைல நிக்கிற ஆளெல்லாம், கங்காணி கூட, ஒடம்பு எப்புடி மல்லிகான்னு கேட்டாங்க. எனக்கு அந்த மண்ணுக்குள்ளயே போயிரலாம் போல இருந்திச்சு."

விஜயகலாவுக்கு முதலில் வந்தது கோபம். ஐந்து வருடமாகத் தன்னைக் கொஞ்சிக் கொஞ்சியே கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம். பிறகு வெட்கம். கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு வந்தவளுக்கு, நிவித்திகல திருப்பம் வரும்போது ஒன்று பளிச்சென்று பட்டது. இவர்களுக்கு மொழி தெரியும், அது எனக்கும் தெரிந்ததுதான், கடிதத்தோடு சேர்த்து ஒருநாளும் நினைக்கவில்லை. தெரியாதது எழுத்து மட்டும்தான். காது திறந்திருக்கிற மனிதருக்கு நான் ஐந்து வருடமாகக் கண்ணாடி செய்துகொண்டிருந்திருக்கிறேன். இவர்களுக்குக் கடிதத்தை மொழிபெயர்க்க வேண்டாம், படித்துக் காட்டினால் போதும். அதுவும் காதோடு படிக்க வேண்டும். இதை நினைத்ததும் அவள் தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை நேரே பீடாதிபதியிடம் போய், தொண்ணூற்றெட்டு பொய் என்று சொன்னாள். என் மனம் நோகக்கூடாது என்று என் சனம் சொன்ன பொய் என்றாள். அந்தப் பழக்கத்தையும் விளக்கினாள். பூசி மெழுகியிருக்கலாம், அவர் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். ஆனால் பொய்யென்று தெரிந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியாது.

"அப்படியென்றால் நாங்கள் எதைப் பார்க்க வர வேண்டும்?" என்றார் அவர்.

"வேறொன்றைக் காட்டுகிறேன், சேர்."

"திகதி மாறாது."

"மாற்ற வேண்டாம்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, கடிதம் படிக்கிற இயந்திரம் ஒன்றும் அவள் கையில் இல்லை. இருந்தது பொறியியல் பீடத்தில், மர்லியாவிடம். மர்லியா நிவித்திகலக்காரி, விஜயகலாவின் வயதுதான். தன் குரலைப் பதிந்து, அதைச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாக நறுக்கி, வேண்டியபடி ஒட்டிச் சிங்களம் பேச வைக்கும் ஒரு மென்பொருளை அவள் செய்து வைத்திருந்தாள். அது பேசுவதைக் கேட்டவர்கள், தொண்டையில் மீன் முள் சிக்கிய ஆள் மாதிரி இருக்கிறது என்று சிரித்ததால் அதை மூலையில் போட்டிருந்தாள். விஜயகலா போய் விஷயத்தைச் சொன்னதும் மர்லியா மேசையைத் தட்டினாள்.

"ஒங்கட மெஷினுக்கு வாய் இல்ல, எண்ட மெஷினுக்கு மூள இல்ல. ரெண்டையும் சேத்து வெப்பமே!"

சேர்த்தார்கள். அச்சடித்த கடிதத்தை ஸ்கேனரில் வைத்தால் எழுத்துகளை இனங்காணும் பகுதி விஜயகலாவிடம் ஏற்கனவே ஓரளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வசனத்தை உடைத்து, எது வினை, எது பெயர் என்று பிரிக்க அவள் ஐந்து வருடம் மாடாக உழைத்திருந்தாளே, அந்த உழைப்பில் ஒரு துளி வீணாகவில்லை. இப்போது அது தமிழாக்குவதற்குப் பதிலாக, கந்தோர் சிங்களத்தின் விறைப்பைத் தளர்த்திப் பேச்சுச் சிங்களமாக்கியது. ஜுனைதீன் நானா தராசுக்குப் பின்னால் இருந்து வாயால் செய்ததை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு மர்லியாவின் குரல் வாய் கொடுத்தது. முள்ளும் மெல்ல மெல்ல இறங்கியது. மர்லியா வேண்டுமென்றே மெதுவாகப் பேசி எல்லாவற்றையும் மறுபடி பதிந்தாள், காதுக்குள் இரகசியம் சொல்லும் சிநேகிதி மாதிரி.

குழு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் முதலில் அண்ணனின் காதில் மாட்டினாள். இந்த முறை விளங்குதா என்று கேட்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு சும்மா நின்றாள். கிருஷ்ணகுமாருக்குப் பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த கடிதம் அது. கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து, "அது பொய்! நான் போன தரமே கொண்டாந்து குடுத்துட்டேன்!" என்று கணினியைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். மர்லியா விஜயகலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தலையாட்டுகிறவருக்கு விளங்கியதா என்று சந்தேகப்படலாம். சண்டை பிடிக்கிறவரைச் சந்தேகப்பட முடியுமா?

குழு வந்த நாள் வெயில் நன்றாக அடித்தது. வேனிலிருந்து இறங்கிய மூவரில் ஒருவர், மலை வளைவுகளின் தயவால், நேரே வேலியோரம் ஓடி வாந்தியெடுத்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சனம் கதவிலும் யன்னலிலும் அப்பிக்கொண்டு நின்றது.

முதலில் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர். தண்ணீர்த் திட்டக் கூட்டம் பற்றிய ஓர் அறிவித்தலைக் கேட்டார். என்ன விஷயம் என்று குழுவில் ஒருவர் கேட்டதுதான் தாமதம், இடம், நேரம், தலைப்பு எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒப்புவித்துவிட்டு, போன கூட்டத்தில் குழாய் தருவதாகச் சொல்லி ஏமாற்றிய கதையையும் ஆரம்பித்துவிட்டார். அவரை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து வந்த இரண்டு பெண்களும் சளைக்கவில்லை. விஜயகலாவுக்கு நெஞ்சு லேசானது.

பீடாதிபதி மட்டும் எலுமிச்சங்காய் முகத்தை மாற்றவில்லை.

"இதெல்லாம் நீங்கள் கொண்டுவந்த கடிதங்கள், மிஸ். முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கலாம். நீங்களும் பார்க்காத, யாரும் பார்க்காத கடிதம் ஒன்று இருக்கிறதா?"

விஜயகலா மர்லியாவைப் பார்த்தாள். தெரியாத கடிதம் என்றால் எந்த எழுத்து எப்படி இருக்குமோ, இயந்திரம் எங்கே முரண்டு பிடிக்குமோ! அப்போது யன்னலோரக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மல்லிகா முன்னால் வந்தாள். கொழுந்துக் கறை படிந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் சொருகியிருந்த ஒரு கடித உறையை எடுத்தாள். உறை ஒட்டியபடியே இருந்தது.

"நேத்துத்தான் வந்திச்சு கலா. கடைக்குப் போகாம வச்சிருந்தேன்."

அவளே பிரித்தாள், அவளே ஸ்கேனரில் குப்புற வைத்தாள். மர்லியா கணினியின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். மல்லிகா காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தக் காம்பரா முழுவதும் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் என்று விரலால் காட்டினாள். மறுபடி ஓடியது. கேட்டு முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி, கடிதத்தை மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"தேருணாத?" என்றார் பீடாதிபதி. விளங்கியதா என்று அர்த்தம்.

"தேருணா, மாத்தயா."

விஜயகலா மர்லியாவின் கையைப் பிடித்தாள். அந்தப் பதிலா? அதே பழைய பதிலா?

பீடாதிபதி இலேசாகச் சிரித்தார். "இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம், மிஸ் எனக்குச் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்."

மல்லிகா அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏக மகே லியும, மாத்தயா," என்றாள். அது என்னுடைய கடிதம், ஐயா.

கிருஷ்ணகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தோட்டம் உண்டான நாளிலிருந்து, கேட்ட பெரிய மனிதரிடம் மாட்டேன் என்று சொன்ன வாய் அங்கே இருந்ததில்லை. விஜயகலாவுக்குப் போய் அண்ணியின் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது. சொல்லிவிடுங்கள் அண்ணி, ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து வருடம் கிடைக்கும். கால் ஓர் எட்டு முன்னால் போய்விட்டது. அப்படியே நின்றாள். எதற்காக இதைச் செய்தோமோ அதைத்தான் அண்ணி செய்துகொண்டிருக்கிறாள் என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது. அறை போனால் போகட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

"சொல்லாவிட்டால், உங்களுக்கு விளங்கியது என்று எனக்கு எப்படித் தெரியும்?" பீடாதிபதி விடவில்லை.

மல்லிகா இடுப்பிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, தெளிவான சிங்களத்தில் சொன்னாள்.

"விளங்காமல் இருந்தால், ஐயா மனம் நோகக்கூடாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். விளங்கியதால்தான் சொல்ல மாட்டேன் என்கிறேன்."

பீடாதிபதி கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு அந்த எலுமிச்சங்காய் முகம் மெல்ல மெல்ல உடைந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு பெரிய சிரிப்பு வெளியே வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாந்தியெடுத்தவரும் சிரித்தார். யன்னலில் தொங்கிய சனத்துக்கு என்ன நடந்தது என்று பிடிபடவே கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் அவர்கள் போட்ட சத்தத்தில் ஓரத்துத் தொட்டிலில் கிடந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

"இருபத்தாறு வருடமாகப் பரீட்சை நடத்துகிறேன், மிஸ்," என்றார் பீடாதிபதி, எழுந்துகொண்டே. "இப்படியொரு விடையை எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

விஜயகலா ஊர் முழுக்கப் பார்க்க, கொஞ்சமும் வெட்கப்படாமல், மல்லிகாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கொழுந்து வாசனை அடித்த அந்தத் தோளில், உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மல்லிகா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சரி சரி, வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தணும், விடு" என்றாள்.

அடுத்த வருடம், 2009இல், விஜயகலா பேராசிரியர் ஆனாள். படிக்கும் கணினிகள் றக்வானையிலும் நிவித்திகலவிலும் சில தோட்டங்களுக்கு வந்தன. ஹெட்போன் இல்லாமல் ஒன்றையும் நிறுவக்கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான உத்தரவு. ஜுனைதீன் நானாவுக்கு முதலில் மனக்குறைதான், பிறகு தன் கடைக்கும் ஒன்று கேட்டு மனுப் போட்டார்.

அன்றைக்கு மல்லிகாவின் கடிதத்தில் என்ன இருந்தது என்று விஜயகலா ஒருநாளும் கேட்கவில்லை. கிருஷ்ணகுமார் கேட்டுப் பார்த்தாராம். அவருக்கும் அதே பதில்தானாம்.